மென்தோலும் மருத்துவ டேப்பும்: பிரிப்பதை நினைத்து ஒட்டுவது

இரண்டு நாள் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்ததும் எறிந்துவிடாமல், அதன் பசைப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலான வெண்மை படிந்திருக்கும். பார்ப்பதற்கு அழுக்குப் போலத் தோன்றினாலும் அதில் பெரும்பகுதி நம்முடைய தோல். மேல்தோலின் உச்சியில் இருந்த உயிரற்ற செல்கள் பசையோடு சேர்ந்து வந்துவிட்டன. யாருடைய உடம்பில் எந்த டேப்பை ஒட்டிப் பிரித்தாலும், கூடவோ குறையவோ இது நடக்கவே செய்யும். திடமான தோல் இந்த இழப்பைப் பொருட்படுத்துவதில்லை. பச்சைக் குழந்தையின் தோலும், எண்பது வயதைக் கடந்தவரின் தோலும், கரப்பான் வந்து வறண்ட தோலும் அப்படி அல்ல.

டேப் வாங்கும்போது நாம் கேட்பது "நன்றாக ஒட்டுமா?" என்பதுதான். இப்படி எளிதில் உரியும் மென்தோல் உள்ளவருக்காக வாங்கும்போது "எப்படிப் பிரியும்?" என்று கேட்க வேண்டும். எந்த டேப், எந்த இடத்தில், எத்தனை நாளுக்கு என்ற முடிவுகள் எல்லாம் பிரிக்கப்போகும் நேரத்தை மனத்தில் வைத்து எடுக்க வேண்டியவை.

தோலின் மேற்படலத்தை ஓடு வேய்ந்த கூரையாக எண்ணிக்கொள்ளலாம். தட்டையான செல்கள் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. இடுக்குகளில் கொழுப்பு நிரம்பி, நீர் கசியாமல் அடைத்துக்கொள்கிறது. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விட்டுவிட்டால், இந்தக் கூரையில் பெரும்பாலும் 15 முதல் 20 அடுக்குகள் இருக்கும். மொத்தக் கனமோ ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. உடம்பின் ஈரத்தை உள்ளே வைத்திருப்பதும் கிருமிகளை வெளியே நிறுத்துவதும் இவ்வளவு மெல்லிய படலம்தான். டேப் பிரியும் ஒவ்வொரு முறையும் மேலோடுகள் சில போகின்றன. உடம்பு அவற்றை மறுபடி வேய்ந்துவிடும், ஆனால் படலம் முழுவதும் புதிதாக வருவதற்கு இரண்டு வாரமாவது வேண்டும். ஒரே இடத்தில் நாள்தோறும் ஒட்டிப் பிரித்தால் வேய்வதற்கு அவகாசமே இல்லை.

தோல் ஆய்வாளர்கள் இதையே ஒரு சோதனை முறையாக வைத்திருக்கிறார்கள். ஒட்டும் டேப்பை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டி இழுப்பார்கள். அடியிலிருக்கும் ஈரப் பளபளப்பான அடுக்கு வெளியே தெரியும்வரை இது தொடரும். அந்த இடத்திலிருந்து ஆவியாகும் நீரின் அளவும் ஏறிக்கொண்டே போகும். ஆய்வுக்கூடத்தில் தெரிந்தே செய்வதை நோயாளியின் தோலில் நாம் தெரியாமல் செய்துவிடுகிறோம்.

கூரைக்குக் கீழே இன்னொரு பலவீனமான இடம் உண்டு. மேல்தோலும் அடித்தோலும் சேரும் எல்லைக்கோடு இளம் வயதில் அலை அலையாக இருக்கும். இரண்டு கைகளின் விரல்களைக் கோத்துக்கொண்டதைப் போன்ற பிடிப்பு. வயது ஏற ஏற அந்த அலைகள் தட்டையாகிவிடுகின்றன. கோத்த விரல்களைப் பிரிப்பதைவிட, சும்மா ஒன்றன்மேல் ஒன்று வைத்த உள்ளங்கைகளை நகர்த்துவது எவ்வளவு எளிது! குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ அந்தப் பிணைப்பு இன்னும் உறுதிப்பட்டே இருக்காது. இப்படிப்பட்ட தோலில், டேப்புக்கும் மேல்தோலுக்கும் உள்ள பிடிப்பு, மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் உள்ள பிடிப்பை மிஞ்சிவிடக்கூடும். இழுத்தால் பலவீனமான பிடிதான் முதலில் விடும். நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள், கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற இடத்தில் ஒட்ட வேண்டியவர்கள், உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்கள் எல்லோரும் இந்தக் கவனத்துக்கு உரியவர்கள். தொட்டாலே கொப்புளிக்கும் பரம்பரைத் தோல்நோய் உள்ளவர்களுக்கு, சாதாரண ஒட்டும் டேப்பை நெருங்கவே விடக்கூடாது.

என் அம்மாவின் புறங்கையிலிருந்து, இரத்தக்குழாயில் மருந்து ஏற்றச் செருகிய கேனுலாவை எடுத்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. ஒரே இழுப்பு. டேப்போடு ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய அளவுக்குத் தோல் மடிந்து வந்தது. அவர் மருத்துவமனையில் சேர்ந்த காய்ச்சல் நான்கே நாளில் தணிந்தது. அந்தப் புண் ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. செவிலியர் இரக்கமற்றவர் அல்ல. பதறிப்போய் அவரே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் பக்கத்தில் இருந்தேன்; "கொஞ்சம் மெதுவாக" என்று சொல்ல வேண்டும் என்பதுகூட அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இத்தகைய காயங்களுக்கு மருத்துவ உலகம் தனிப் பெயரே வைத்திருக்கிறது: மருத்துவப் பசையால் வரும் தோல் காயம். 2013-இல் வெளியான வல்லுநர் குழுவின் ஒருமித்த கருத்து இதற்கு ஓர் எளிய அளவுகோலைத் தந்தது. டேப்பைப் பிரித்து 30 நிமிடம் கழிந்த பிறகும் சிவப்போ, கொப்புளமோ, உராய்வோ, கிழிசலோ இருந்தால் அது காயம். பிரித்தவுடன் தெரியும் சிவப்பு அதற்குள் மறைந்துவிட்டால் கவலை இல்லை. வீட்டிலும் பின்பற்றத்தக்க அளவுகோல் இது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கருத்த தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. சற்று ஊதா கலந்தோ, சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ காணப்படும்; சில நேரம் நிறத்தில் மாற்றமே தெரியாது. ஆகவே கண்ணை மட்டும் நம்பக்கூடாது. புறங்கையால் தொட்டு அந்த இடம் சுடுகிறதா, தடித்திருக்கிறதா, வழவழப்பாகப் பளபளக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிகிறதா என்று கேட்க வேண்டும். கவனிக்காமல் விட்ட அழற்சி, ஆறிய பிறகும் மாதக்கணக்கில் கருந்தழும்பாக நிற்பதும் கருத்த தோலில்தான் அதிகம்.

இனி பசைக்கு வருவோம். மருத்துவ டேப்பில் இருப்பது காய்ந்து இறுகும் பசை அல்ல, அழுத்தினால் பிடிக்கும் பசை. கூழைப் போல மெல்லப் பரவவும், ரப்பரைப் போல இழுப்பை எதிர்க்கவும் அதனால் முடியும். 1901-இல் ஜெர்மனியின் பையர்ஸ்டார்ஃப் நிறுவனம் லியுகோபிளாஸ்ட் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிளாஸ்திரி, துத்தநாக ஆக்சைடு சேர்த்த ரப்பர் பசை வகையைச் சேர்ந்தது. அந்த வகை இன்றும் விளையாட்டு வீரர்களின் மூட்டைக் கட்டப் பயன்படுகிறது. பிடி வலுவானது, இயற்கை ரப்பரும் மரப்பிசினும் சேர்ந்த பழைய கலவைகளில் ஒவ்வாமை வாய்ப்பும் அதிகம். மென்தோலில் அதற்கு வேலை இல்லை.

இன்று பரவலாக இருப்பவை அக்ரிலேட் பசைகள். இவற்றின் குணத்தைத் தெரிந்துகொண்டாலே பாதித் தவறுகள் குறையும். அக்ரிலேட், ஒட்டிய நேரத்தில் தோலின் மேடுகளை மட்டுமே தொடுகிறது. உடம்புச் சூட்டில் மணிக்கணக்காக மெல்லப் பாய்ந்து பள்ளங்களையும் நிரப்புகிறது. தொடும் பரப்பு கூடக் கூடப் பிடியும் ஏறுகிறது. அதனால்தான் ஒட்டிய ஐந்தாவது நிமிடத்தில் சுலபமாகப் பிரியும் டேப், மறுநாள் பிடிவாதம் பிடிக்கிறது. "ஒட்டிப் பார்த்தேன், மென்மையாகத்தான் இருந்தது" என்ற அனுபவம் இரண்டாம் நாளுக்குச் செல்லாது. பேப்பர் டேப்பைப் பற்றிய நம்பிக்கையையும் இங்கேயே திருத்திக்கொள்ள வேண்டும். மெல்லியது, காற்று புகக்கூடியது என்பதெல்லாம் அதன் பின்பக்கத்தைப் பற்றிய செய்தி. அதன் அடியில் இருப்பதும் பெரும்பாலும் அக்ரிலேட் பசைதான். பொதுவான உபயோகத்துக்கு அது நல்ல டேப். ஆனால் முதியவரின் மெல்லிய தோலிலிருந்து நாள்தோறும் பிரித்தால், அதுவும் உரித்துக்கொண்டுதான் வரும்.

சிலிகான் பசை வேறு விதமானது. மிகவும் இளகியது என்பதால் வைத்தவுடனேயே பள்ளங்களிலும் படிந்துவிடுகிறது. நாள் ஆக ஆகப் பிடி பெரிதாக ஏறுவதில்லை. பிரியும்போது குறைவான செல்களையே எடுத்துச் செல்கிறது, முடியைப் பிடித்து இழுப்பதும் குறைவு. மென்தோலுக்கு முதலில் தேட வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம். விலை கூடுதல், ஈரத்திலும் வியர்வையிலும் பிடி தளரும், கனமான குழாயைத் தாங்காது. கழன்றால் உயிருக்கு ஆபத்தான குழாய் எதையும் எந்த டேப்பால் நிறுத்துவது என்பதை மருத்துவக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நாமாக மாற்றக்கூடாது. டேப் உறையில் உள்ள "ஒவ்வாமை குறைந்தது" என்ற வாசகத்தையும் அளவோடு நம்புங்கள். எல்லா நாடுகளுக்கும் பொதுவான வரையறை அந்தச் சொல்லுக்குக் கிடையாது. தவிர, ஒவ்வாமை வராத டேப்பாலும் தோல் உரியும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். "எனக்கு டேப் அலர்ஜி" என்று சொல்பவர்களில் பலருக்கு நேர்வது ஒவ்வாமை அல்ல. உரிந்த தோலின் எரிச்சலாகவோ, ஈரம் அடைபட்டு ஊறிப்போனதன் எரிச்சலாகவோ அது இருக்கும். எரிச்சல் பெரும்பாலும் டேப் இருந்த வடிவத்துக்குள்ளேயே நிற்கும், காந்தும், டேப்பை எடுத்ததும் தணியத் தொடங்கும். உண்மையான ஒவ்வாமையில் அரிப்பே முன்னிற்கும். சின்னச் சின்ன நீர்ப்பருக்கள் எழும். டேப்பின் எல்லையைத் தாண்டிப் படரும். எடுத்த பிறகும் ஓரிரு நாள் மோசமாகிக்கொண்டே போகலாம். ஒட்டிய உடனே வராமல், இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியவரும் தாமத எதிர்வினை அது. பல ஆண்டு பிரச்சினையில்லாமல் பயன்படுத்திய டேப்புக்கே ஒருநாள் ஒவ்வாமை தொடங்குவதும் உண்டு.

சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சாரை ஒட்டிக்கொண்டவர்கள் சிலருக்குக் கையில் கடுமையான தடிப்பு வந்த கதை இதற்கு நல்ல பாடம். எல்லோரும் டேப்பின் பசையைச் சந்தேகித்தார்கள். தோல் மருத்துவர்கள் தேடிக் கண்டுபிடித்ததோ ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற பொருளை. அது சென்சாரின் பிளாஸ்டிக் கூட்டைச் சேர்க்கப் பயன்பட்ட பசையில் இருந்தது. அங்கிருந்து கசிந்து, ஒட்டும் படலத்தைக் கடந்து தோலை அடைந்திருந்தது. 2017-இல் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. 2020-இல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் அந்த வேதிப்பொருளை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. டேப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் மட்டும் இத்தகைய காரணம் பிடிபடாது. தடிப்பு திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு அளவில் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் சோதனையைத் தோல் மருத்துவரிடம் செய்துகொள்வதுதான் வழி. முன்பு கடுமையாக எதுவும் வராதவர்கள், புது டேப்பின் சிறு துண்டை முன்கையின் உட்புறத்தில் இரண்டு நாள் ஒட்டி, எடுத்த பிறகும் இரண்டு நாள் கவனித்துவிட்டுப் பெரிய அளவில் பயன்படுத்தலாம்.

கொப்புளம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முழுக்கத் தவிர்க்கக்கூடிய காயம் அது. காயக்கட்டு நழுவக்கூடாது என்று டேப்பின் ஒரு முனையை ஒட்டி, மறுமுனையை விறைப்பாக இழுத்து ஒட்டுவது பலருடைய வழக்கம். இழுத்த டேப் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. தோலையும் கூட இழுக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இடுப்பிலோ முழங்காலிலோ வீக்கம் ஏறினால், டேப்பை இழுக்காமல் ஒட்டியிருந்தாலும் இதே விளைவுதான். மேல்தோல் ஒரு பக்கம் இழுபட, அடித்தோல் அங்கேயே நிற்க, இடையில் நீர் கோத்துக்கொள்கிறது. டேப்பின் ஓரத்தில், குறிப்பாக மூலைகளில், வரிசையாகக் கொப்புளம் வந்திருந்தால் காரணம் இதுவாகவே இருக்கும்.

ஆகையால் ஒட்டும் முறை இப்படி இருக்கட்டும். அந்த இடத்தை மிதமான சோப்பால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். கிரீமோ எண்ணெயோ இருக்கக்கூடாது. கிருமிநாசினி தடவியிருந்தால் அது தானாகவே முழுக்க உலரும்வரை பொறுங்கள். ஈரத்தோடு மூடினால் அந்த மருந்தே தோலைப் புண்ணாக்கும். முடி அடர்ந்திருந்தால் கத்தரித்துவிடுங்கள். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். ஆல்கஹால் கலக்காத பாதுகாப்புப் படலத் திரவம் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதைப் பூசி உலரவிட்டு, அதன்மேல் டேப்பை ஒட்டினால் பிரியும்போது தோலுக்குப் பதில் அந்தப் படலம் போகும். பிடிப்புக்காகச் சாம்பிராணி டிங்சர் தடவும் பழைய பழக்கத்தை மென்தோலில் விட்டுவிட வேண்டும். அது பிடியை ஏற்றுவதோடு எரிச்சலையும் ஒவ்வாமையையும் கொண்டுவருகிறது.

டேப்பை முதலிலேயே வேண்டிய நீளத்துக்கு வெட்டி, மூலைகளை வட்டமாக்கிக்கொள்ளுங்கள். கட்டின் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் இழுக்காமல் வெளிநோக்கிப் படியவிடுங்கள். பிறகு விரலால் மெல்ல அழுத்தித் தடவுங்கள். அழுத்தமும் சூடும்தான் பிடியைத் தருகின்றன, இழுவை அல்ல. மூட்டு மடங்கும் இடமானால், மூட்டைச் சற்று மடக்கிய நிலையில் ஒட்டுங்கள். விரலையோ கையையோ சுற்றி முழு வளையமாக ஒட்டவே கூடாது; வீக்கம் வந்தால் இரத்த ஓட்டம் தடைப்படும். கடைசியாக, ஒரு முனையில் அரை சென்டிமீட்டரைத் தன்மேலேயே மடித்துவிடுங்கள். நாளை பிரிப்பவர் நகத்தால் தோலைச் சுரண்டாமல் பிடிக்க ஒரு காது கிடைக்கும்.

பிரிப்பதில் ஒரு பழைய விவாதம் உண்டு: சட்டென்று இழுப்பதா, மெதுவாகவா? ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் 65 மருத்துவ மாணவர்களிடம் இதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாகப் பிரித்தபோதுதான் வலி குறைவாக இருந்தது. வேகமே மேல் என்பவர்களுக்கு இது சாதகமாகத் தோன்றும். ஆனால் அவர்கள் திடமான தோலுள்ள இளைஞர்கள். அங்கே அளந்தது வலியை, தோல் சேதத்தை அல்ல. மென்தோலில் வலி ஒரு நொடியில் போய்விடும், கிழிசல் வாரக்கணக்கில் நிற்கும். அங்கே மெதுவாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மெதுவாக என்றால் மேல்நோக்கி மெதுவாகத் தூக்குவது அல்ல. செங்குத்தாகத் தூக்கினால் தோலும் கூடாரம்போல எழுகிறது. பிணைப்பு அங்கேதான் விடுகிறது. மடித்த முனையைப் பிடித்து, டேப்பை அதன்மேலேயே பின்னோக்கி மடக்கி, தோலையொட்டித் தாழ்வாக, முடி வளரும் திசையில் நகர்த்துங்கள். மறுகையின் விரல் பின்தொடர்ந்து வரட்டும். புதிதாக வெளிப்படும் தோலை அது அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி போன்ற ஒளிபுகும் படலமானால், ஓரத்தைப் பிடித்துத் தோலுக்கு இணையாகப் பக்கவாட்டில் நீட்டுங்கள். நீளும்போது பிடி தானாக விடும். எங்கே அடம்பிடிக்கிறதோ அங்கே நின்றுவிட வேண்டும். சிலிகான் கலந்த பசைநீக்கித் திரவம் இதற்கென்றே இருக்கிறது. தோலில் எரிச்சல் தராது, சீக்கிரம் ஆவியாகிவிடும். அது இல்லாவிட்டால், புண்ணில் படாமல் ஓரங்களில் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவிச் சில நிமிடம் ஊறவிடலாம். மறுபடி அதே இடத்தில் ஒட்டுவதானால் அந்தப் பிசுக்கைக் கழுவியாக வேண்டும். ஆல்கஹால், நகப்பூச்சு நீக்கி, பெட்ரோல் எதுவும் வேண்டாம். பச்சைக் குழந்தைகளின் தோல் கரைப்பான்களை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், அவர்களுக்கு எந்த நீக்கியையும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள்.

ஒட்டாமலேயே முடியுமா என்ற கேள்வியை நாம் ஏனோ கடைசியில்தான் கேட்கிறோம். கைகால்களில் உள்ள கட்டை வலைபோன்ற குழாய்த் துணியோ காஸ் சுருளோ டேப் இல்லாமலே நிறுத்தும். அடிக்கடி மாற்ற வேண்டிய வயிற்றுக் கட்டானால், புண்ணின் இரு பக்கமும் ஹைட்ரோகொலாய்டு என்ற, ஈரத்தை உறிஞ்சிக் கூழாகும் பட்டைகளை ஒட்டிச் சில நாள் விட்டுவிட்டு, டேப்பை அந்தப் பட்டைமேல் ஒட்டிப் பிரிக்கலாம். தோலுக்கு அடிவிழுவது நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு ஓரிரு முறையாகக் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் தோல் உரிந்துவிட்டால், உப்புநீரிலோ சுத்தமான நீரிலோ மென்மையாகக் கழுவுங்கள். தோல் மடிந்து தொங்கினால் அதை வெட்டி எறிய வேண்டாம். நனைத்த பஞ்சுக்குச்சியால் மெல்ல உருட்டி, பழைய இடத்திலேயே படுக்கவைக்கப் பாருங்கள். உயிர்ப்போடு இருந்தால் அதுவே சிறந்த மூடி. கொப்புளத்தை உடைக்காதீர்கள். தோல் பெயர்ந்த காயம் பெரிதாக இருந்தாலும், இரத்தம் நிற்காவிட்டாலும், சீழ், பரவும் சூடு, காய்ச்சல் இருந்தாலும், பச்சைக் குழந்தையாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தக் காயத்தை மூட, தோலைத் தொடும் பக்கம் சிலிகான் பூசிய கட்டு ஏற்றது. காயம் பராமரிப்பதில் தேர்ந்த செவிலியர்கள் அதை ஒட்டியதும் அதன்மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி போடுவார்கள்: தோல் மடிப்பு எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ, அந்தத் திசையில். பக்கத்தில் தேதியையும் எழுதுவார்கள். இன்று ஒட்டியவர் ஒருவர், நான்கு நாள் கழித்துப் பிரிப்பவர் வேறொருவர். உள்ளே தோல் எந்தப் பக்கம் பற்றியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த அம்பைப் பார்த்து அவர் அதே பக்கமாகப் பிரிப்பார்.